சடுகுடு சொல்லிப் பாருங்கள்: வேப் இழுக்கிறவர்கள் தங்கள் நெஞ்சைக் கவனிப்பது எப்படி

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். போனில் ஸ்டாப்வாட்சைத் திறந்து வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்காருங்கள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, சின்ன வயதில் தெருவில் ஆடும்போது சொன்ன மாதிரி "கபடி கபடி கபடி" என்று ஒரே மூச்சில், வாய்விட்டு, முடிகிற வரைக்கும் சொல்லுங்கள். எத்தனை வினாடி வந்தது என்று தேதியோடு எழுதி வையுங்கள். அது நல்ல எண்ணா கெட்ட எண்ணா என்று இப்போது பார்க்க வேண்டாம், பின்னால் தேவைப்படும். இது விளையாட்டுக்குச் சொன்னதில்லை. நோயாளியை ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்லி எதுவரை போகிறார் என்று பார்ப்பது மருத்துவர்கள் படுக்கையருகே செய்கிற பழைய சோதனைதான்.

நான் மருத்துவன் இல்லை. மூன்று வருஷம் வேப் (பேட்டரியில் ஓடுகிற இ-சிகரெட்) இழுத்துவிட்டு, விட்டு ஒன்றரை வருஷம் ஆனவன். இழுத்த காலத்தில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் சிகரெட் மாதிரி இது காட்டிக்கொடுக்கவே காட்டிக்கொடுக்காது. சிகரெட் என்றால் தொண்டை காந்தும், விரலில் வாடை நிற்கும், காலையில் எழுந்ததும் ஒரு இருமல் இருமினால் வீட்டுக்கே தெரிந்துவிடும். வேப்பில் மாம்பழ வாசனை வரும், தொண்டை ஜில்லென்று இருக்கும், அவ்வளவுதான். தானாகத் தெரியாது என்பதால் நாமாகப் பார்த்தால்தான் உண்டு. எப்படிப் பார்ப்பது, பார்த்துவிட்டு என்ன செய்வது என்பதைத்தான் எழுதியிருக்கிறேன்.

அது ஆவி இல்லை

ஜலதோஷத்துக்கு ஆவி பிடிக்கிறோமே, அது மாதிரிதானே இது என்று என்னிடமே நாலு பேர் கேட்டிருக்கிறார்கள். இல்லை. ஆவி பிடிக்கும்போது வருவது தண்ணீர். வேப்பில் வருவது புரோப்பிலின் கிளைக்கால், கிளிசரின் என்ற இரண்டு பிசுபிசுப்பான திரவங்களின் மிக நுண்ணிய துளிகள், கூடவே நிகோடின், கூடவே வாசனைப் பொருட்கள். மேடைகளில் குபுகுபுவென்று புகை விடுகிற மெஷின் இருக்கிறதே, அதில் ஊற்றுவதும் பெரும்பாலும் இந்த வகைத் திரவம்தான். சாப்பாட்டிலும் மருந்திலும் சேர்க்க அனுமதி உள்ள பொருள்தானே என்று விற்பவர் சொல்வார். உண்மைதான், ஆனால் அந்த அனுமதி வயிற்றுக்குப் போவதற்கு. வயிறு செரிக்கிற நெய்யை நுரையீரல் செரிக்குமா?

உள்ளே இருப்பது எளிய அமைப்பு: ஒரு பேட்டரி, ஒரு கம்பிச்சுருள், அதைச் சுற்றி பஞ்சு. பஞ்சு திரவத்தை உறிஞ்சும், சுருள் சூடாகும், துளிகள் பறக்கும். பாட் (திரவம் இருக்கிற சின்ன டப்பா) கழற்றுகிற வகை உங்களிடம் இருந்தால் ஒரு வாரம் இழுத்த பாட்டை வெளிச்சத்தில் பிடித்து அடிப்பக்கத்தைப் பாருங்கள் (ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடுகிற வகையை மட்டும் உடைக்காதீர்கள், உள்ளே லிதியம் பேட்டரி, துளைபட்டால் தீப்பிடிக்கும்). வாங்கியபோது பால்வெள்ளையாக இருந்த பஞ்சு காப்பிப்பொடி நிறத்தில் இருக்கும். சுருளில் கறுப்பாக ஒரு பொருக்கு, பணியாரச் சட்டிக் குழியில் வெல்லம் பிடித்துக் கருகின மாதிரியே. அது கிட்டத்தட்ட அதேதான், திரவத்தில் போட்ட இனிப்பு சுருளின் சூட்டில் கருகிப் படிந்திருக்கிறது. படிந்தது உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது, படியாமல் போனது எங்கே போனது என்பதுதான் விஷயம்.

சுருளின் சூடு ஏற ஏற அந்தத் திரவங்கள் உடைந்து ஃபார்மால்டிஹைடு, அசிட்டால்டிஹைடு, அக்ரோலின் என்று வேறு பொருட்களாக மாறுகின்றன. அடுப்பில் எண்ணெய் கருகும்போது கண்ணும் மூக்கும் எரிகிறதே, அதற்குக் காரணமான பொருட்களில் ஒன்று இந்த அக்ரோலின். பஞ்சு காய்ந்த நிலையில் இழுத்தால் ஒரு கருகல் சுவை அடிக்கும், அந்த இழுப்பில் இவை மிக அதிகம். சுருளிலிருந்தும் சால்டரிங்கிலிருந்தும் நிக்கல், குரோமியம், ஈயம் போன்ற உலோகங்கள் புகையில் கலந்து வருவதையும் பல ஆய்வகங்கள் அளந்திருக்கின்றன.

தொண்டை ஏன் எச்சரிப்பதில்லை என்றால், அதற்கும் ஒரு வேலை செய்து வைத்திருக்கிறார்கள். சாதாரண நிகோடின் காரத்தன்மை உள்ளது, அதிகமாகப் போட்டால் தொண்டை எரிந்து இரண்டு இழுப்புக்கு மேல் போக முடியாது. அதில் பென்சாயிக் அமிலம் மாதிரி ஒன்றைச் சேர்த்து நிகோடின் உப்பாக மாற்றினால் எரிச்சல் அடங்கிவிடும். பாட் வகைகளிலும் டிஸ்போசபிள்களிலும் இருப்பது பெரும்பாலும் இதுதான். அதன்மேல் மெந்தால் வேறு, அது குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தூண்டி மிச்சமுள்ள எரிச்சலையும் மறைத்துவிடும். வீட்டில் தீ எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்துவிட்டு ஒன்றும் அடிக்கவில்லையே என்று நிம்மதியாகத் தூங்குகிற கதை.

அட்டையில் 5 சதவீதம் என்று போட்டிருந்தால் ஒரு மில்லியில் சுமார் 50 மில்லிகிராம் நிகோடின். 2 மில்லி பாட் என்றால் 100 மில்லிகிராம். ஒரு சிகரெட்டிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்வது 1 முதல் 2 மில்லிகிராம்தான். பாட்டில் இருப்பது எல்லாம் ரத்தத்தில் சேராது என்றாலும் கணக்கு எந்தப் பக்கம் போகிறது என்று தெரிகிறது இல்லையா. ஐரோப்பிய ஒன்றியத்தில் மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் விற்கக் கூடாது. இந்தியாவில் 2019 முதல் விற்பனையே தடை, அதனால் இங்கே கிடைப்பது எல்லாம் கள்ளச்சரக்கு, அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் சோதித்ததில்லை.

உள்ளே போனதும்

மூச்சுக்குழாயின் உட்சுவர் முழுக்க நுண்ணிய மயிர்கள் இருக்கின்றன. அதன்மேல் சளி ஒரு மெல்லிய பாயாக விரிந்திருக்கும். வயலில் நெற்பயிர் காற்றில் ஒரே பக்கமாகச் சாய்கிற மாதிரி அந்த மயிர்கள் அசைந்து அசைந்து, தூசியும் கிருமியும் ஒட்டின சளியை மேலே தொண்டைக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும், நாம் தெரியாமலே விழுங்கிக்கொண்டிருப்போம். வேப் முதலில் கெடுப்பது இந்த ஏற்பாட்டைத்தான். புரோப்பிலின் கிளைக்கால் ஈரத்தை உறிஞ்சும் பொருள், இழுத்ததும் வாயும் தொண்டையும் வறண்டு தண்ணீர் தேடுவது அதனால்தான். நிகோடின் கலந்த புகையை மனித மூச்சுக்குழாய்ச் செல்கள்மேல் விட்டுப் பார்த்த ஆய்வுகளில் சளி கெட்டிப்பட்டு, மயிர்களின் வேகம் குறைந்தது. மேலே போக வேண்டிய சளி நடுவழியில் நின்றுவிட்டால், அதை வெளியேற்ற உடம்புக்கு இருக்கும் ஒரே வழி இருமல்.

அடுத்தது குழாய் இறுகுவது. 2012-ல் கிரீஸில், ஏற்கெனவே சிகரெட் பிடிக்கிற, வேறு நோய் இல்லாத 30 பேரை 5 நிமிடம் மட்டும் வேப் இழுக்கச் சொல்லி அளந்தார்கள். அந்த 5 நிமிடத்திலேயே மூச்சுக்குழாயில் காற்று போவதற்கான தடை கூடியிருந்தது. அவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்கு இந்தக் கொஞ்சமே போதும், வீசிங் வந்துவிடும்.

அதற்கும் கீழே காற்றுப்பைகள். ஓரளவு பெரிய தூசி என்றால் மூக்கிலும் குழாயிலும் மாட்டிக்கொள்ளும், இந்தத் துளிகளோ அதையெல்லாம் தாண்டி அடிவரை போகிற அளவுக்குச் சின்னவை. அங்கே துப்புரவு வேலை பார்க்கும் வெள்ளணுக்கள் உண்டு. ஹூஸ்டனில் 2019-ல் எலிகளை நான்கு மாதம் வேப் புகையில் வைத்துப் பார்த்தார்கள். அந்த வெள்ளணுக்களுக்குள் கொழுப்பு சேர்ந்திருந்தது, காற்றுப்பை ஒட்டிக்கொள்ளாமல் காக்கிற மேல்பூச்சும் குலைந்திருந்தது, பிறகு ஃப்ளூ கிருமியைக் கொடுத்தபோது அந்த எலிகள் கூடுதலாகப் பாதிக்கப்பட்டன. நிகோடினே இல்லாத புகையிலும் இது நடந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் ஜீரோ நிகோடின்தான் இழுக்கிறேன் என்கிறவர்கள் முக்கியமாக. எலி வேறு மனிதன் வேறுதான், சரி. அதற்காக மனிதனுக்கு ஆகாது என்றும் ஆகிவிடாது.

பாப்கார்ன் நுரையீரல் பற்றி வாட்ஸ்அப்பில் நிறையப் பார்த்திருப்பீர்கள். 2000-ம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் பாப்கார்ன் ஆலைத் தொழிலாளர்களுக்கு, வெண்ணெய் வாசனைக்குச் சேர்த்த டையசெட்டில் என்ற பொருளால், நுண்குழாய்கள் தழும்பேறி அடைபட்டன. 2015-ல் ஹார்வர்டில் 51 வகை வேப் திரவங்களைச் சோதித்ததில் 39-ல் அந்த டையசெட்டில் இருந்தது. ஆனால் வேப் இழுக்கிறவர்களுக்கு அந்த நோய் கூட்டமாக வந்ததாகக் காட்டப்படவில்லை. பயமுறுத்துவதற்காக இல்லாததைச் சொன்னால் இருப்பதையும் நம்ப மாட்டார்கள், அதனால் இதைச் சொல்கிறேன்.

உண்மையாகவே கூட்டமாக வந்த நோய் ஒன்று உண்டு, எவாலி என்று பெயர். 2019 கோடையில் அமெரிக்காவில் இளைஞர்கள் மூச்சுத்திணறலோடு வரிசையாக ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர், 68 மரணம். பெரும்பாலோர் கஞ்சாச் சத்து நிரப்பின, யார் நிரப்பினார்கள் என்றே தெரியாத கேட்ரிட்ஜ்களை இழுத்தவர்கள். எண்ணெயைக் கெட்டியாகக் காட்ட அதில் வைட்டமின் ஈ அசிட்டேட் கலந்திருந்தார்கள், 51 நோயாளிகளின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரைச் சோதித்ததில் 48 பேரிடம் அது இருந்தது. முகத்தில் தடவுகிற கிரீமில் இருக்கும் பொருள்தான், தோலுக்கு ஒன்றும் செய்யாது. கள்ளச்சரக்கில் என்ன கலந்திருக்கும் என்று தெரியாது என்று சொன்னேனே, அதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

வீட்டில் இருந்தபடி கவனிக்க

கபடிக் கணக்கை வாரம் ஒருமுறை, ஒரே நாளில், ஒரே நேரத்தில், அதே வேகத்தில் சொல்லி எழுதுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் எண்ணோடு ஒப்பிடாதீர்கள், போன வார உங்கள் எண்ணோடு ஒப்பிடுங்கள். அப்புறம் மாடிப்படி. நீங்கள் தினமும் ஏறுகிற இரண்டு மாடியை நிற்காமல் ஏறிவிட்டு உடனே போனில் யாரிடமாவது பேசுங்கள். ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடிகிறதா, நடுவில் மூச்சு வாங்க நிறுத்துகிறீர்களா? எனக்கு எங்கள் வீட்டு மாடியில் துணி காயப்போடப் போனபோதுதான் தெரிந்தது. கையில் பக்கெட், கீழே இருந்து அம்மா ஏதோ கேட்கிறார், பதில் சொல்ல வாய் திறந்தால் மூச்சுதான் வருகிறது. அப்போது எனக்கு இருபத்தேழு வயது.

காலை இருமலையும் குறித்து வையுங்கள். சளி வருகிறதா, என்ன நிறம், ராத்திரி இருமலில் தூக்கம் கலைகிறதா, மூச்சு விடும்போது விசில் மாதிரி சத்தம் வருகிறதா. ஒரு நாளைக்கு எத்தனை இழுப்பு என்பதையும் மூன்று நாள் எண்ணிப் பாருங்கள், ஒவ்வொரு இழுப்புக்கும் தாளில் ஒரு கோடு. சிகரெட்டுக்கு ஒரு முடிவு உண்டு, அணைக்கிறோம். இதற்கு முடிவே இல்லாததால் எவ்வளவு இழுக்கிறோம் என்றே நமக்குத் தெரிவதில்லை. நான் ஐம்பது இருக்கும் என்று நினைத்தேன், முதல் நாள் மத்தியானத்துக்குள் நூற்றிப்பத்து கோடு.

கொரோனா காலத்தில் வாங்கின ஆக்சிமீட்டர் டிராயரில் கிடக்கும், அதை எடுத்து விரலில் மாட்டி 98 காட்டுகிறது என்று சந்தோஷப்படாதீர்கள். நுரையீரலுக்குக் கையிருப்பு அதிகம், நிறையக் கெட்ட பிறகுதான் அந்த எண் இறங்கும். குறைந்தால் கவலைப்பட வேண்டும், குறையாததால் நிம்மதி அடைய முடியாது. ஆசை இருந்தால் மருந்துக்கடையில் பீக் ஃப்ளோ மீட்டர் என்று, எவ்வளவு வேகமாக ஊதுகிறோம் என்று காட்டுகிற ஒரு குழாய் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், நின்றுகொண்டு மூன்று முறை வேகமாக ஊதி, அதில் பெரிய எண்ணை எழுதுங்கள். ஆஸ்துமா உள்ளவர் என்றால் ஆசையெல்லாம் இல்லை, வாங்கியே ஆக வேண்டும்.

மருத்துவரிடம் எப்படிச் சொல்வது

நான் செய்த தப்பு இதில்தான். மூன்று வாரம் விடாத இருமல் என்று போனபோது மருத்துவர் "சிகரெட் உண்டா?" என்றார். "இல்லை சார்" என்றேன். பொய் இல்லையே! அவர் அலர்ஜி என்று மாத்திரை எழுதினார். மறுபடி போனேன், மறுபடி அதே கேள்வி, அதே பதில், கூடுதலாக ஒரு சிரப். மூன்றாவது முறை போவதற்குள், துவைக்கப் போட்ட என் சட்டைப்பையில் இருந்ததை அம்மா கையில் எடுத்துக்கொண்டு வந்து "என்னடா இது, பென் டிரைவா? ஏன் சாக்லேட் வாசனை அடிக்குது?" என்று கேட்டார். அன்றைக்கு மத்தியானம் அம்மாவை வெளியே உட்கார வைத்துவிட்டு மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊதவைத்து நுரையீரல் எப்படி வேலை செய்கிறது என்று அளக்கிற சோதனை) எழுதிக்கொடுத்தார், அவ்வளவுதான்.

மருத்துவர் கேட்கும் வரை நீங்கள் காத்திருக்காதீர்கள். "சிகரெட் இல்லை டாக்டர், ஆனால் வேப் இழுக்கிறேன், இத்தனை வருஷமாக, ஒரு நாளைக்கு இவ்வளவு, இத்தனை சதவீதம், கடைசியாக இழுத்தது இன்று காலை" என்று உள்ளே போனதும் சொல்லிவிடுங்கள். கஞ்சா எண்ணெய் இழுத்திருந்தால் அதையும். அதைச் சொல்லாமல் விட்டால் நிமோனியாவுக்கும் எவாலிக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கவே முடியாது, எக்ஸ்ரேயில் இரண்டும் ஒரே மாதிரி தெரியலாம். தடைச்சட்டம் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், இருப்பு வைப்பது என்று போகிறது, வைத்தியம் பார்க்க வந்தவர் உண்மையைச் சொல்வது எந்தச் சட்டத்திலும் குற்றம் இல்லை. வயது குறைந்தவர் என்றால், பெற்றோர் ஐந்து நிமிடம் வெளியே இருந்தால் நல்லது, பெற்றோரே அதைச் செய்யலாம்.

தள்ளிப்போடவே கூடாத சில நிலைமைகள் உண்டு. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, உதடு நீலம் பாய்வது, இருமலில் ரத்தம், ஆக்சிமீட்டர் 94-க்குக் கீழே போய் அங்கேயே நிற்பது, இருமலோடு காய்ச்சலும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து வருவது (எவாலி பலருக்கு வயிற்றில்தான் ஆரம்பித்தது). திடீரென்று நெஞ்சின் ஒரு பக்கம் மட்டும் குத்தி மூச்சு பிடித்துக்கொண்டால் நுரையீரல் ஓட்டையாகிக் காற்று வெளியே கசிந்திருக்கலாம், வேப் இழுத்த இளைஞர்கள் சிலருக்கு அப்படி ஆனதாக மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது. கேஸ் என்று நினைத்து ஓம வாட்டர் குடித்துக்கொண்டு உட்காராமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

விடுவது

சிகரெட்டை விடுவதற்காக வேப்புக்கு வந்தவர் கணக்கு வேறு. நிகோடின் உள்ள வேப் சிலருக்கு சிகரெட்டை விட உதவுகிறது என்பதற்கு நல்ல சோதனைகள் இருக்கின்றன, பிரிட்டனில் மருத்துவத்துறையே அதைச் சொல்கிறது. ஆனால் அங்கே பொருளுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது, அதோடு சிகரெட்டை முழுசாக விட்டால்தான் பலன். நம் ஊரில் பெரும்பாலும் நடப்பது ஆபீஸில் வேப், டீக்கடையில் சிகரெட். இது இரண்டு கெடுதலையும் கூட்டிக்கொள்வது. வாழ்நாளில் சிகரெட்டே தொடாமல் நேராக வேப்பில் ஆரம்பித்த கல்லூரிப் பையனுக்கு இதில் லாபக் கணக்கே கிடையாது.

எண்ணின கோடுகளைப் பாருங்கள், எங்கே கூட்டமாக விழுந்திருக்கிறது என்று தெரியும். எனக்கு லேப்டாப் முன்னாலும், படுக்கையிலும். முதலில் படுக்கையறையிலிருந்து வெளியே எடுத்தேன், சார்ஜர் சமையலறையில். ஒரு வாரத்தில் கோடுகள் பாதியானது. அப்புறம் ஒரு தேதி வைத்து நிறுத்தினேன். முதல் மூன்று நாள்தான் மோசம், எரிச்சல், தலைவலி, கவனம் நிற்காது, கண்டதைத் தின்னத் தோன்றும், இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் அடங்கும். ஒவ்வொரு ஆசையும் சில நிமிடம்தான் உச்சத்தில் நிற்கும், அந்த நேரத்துக்கு வாய்க்கு ஏதாவது கொடுங்கள். நான் கிராம்பு போட்டுக்கொண்டேன்.

தாங்கவில்லை என்றால் நிகோடின் கம் இருக்கிறது, 2 மில்லிகிராமும் 4 மில்லிகிராமும். காலையில் எழுந்த அரை மணிக்குள் இழுக்கிறவர் என்றால் 4 தேவைப்படலாம், மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள். அதை பபிள்கம் மாதிரி மென்றால் விக்கலும் வயிற்றெரிச்சலும்தான் மிஞ்சும். நாலு கடி மென்று, சுரீரென்று ஏறியதும், வெற்றிலை போடுகிற பாட்டி கன்னத்தில் ஒதுக்கி வைப்பாரே, அப்படி ஒதுக்கி வையுங்கள். சுரீர் போனதும் மறுபடி இரண்டு கடி. காப்பி குடித்த கையோடு போடாதீர்கள், கால் மணி நேரம் விடுங்கள், இல்லையென்றால் வாயில் நிகோடின் சரியாக ஏறாது. மத்திய அரசின் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356, கட்டணம் இல்லை. மனசு ரொம்ப இறங்கினால் டெலி-மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.

விட்ட பிறகு சில வாரம் இருமல் கூடுகிற மாதிரி இருக்கலாம். இழுத்தபோது இல்லாத இருமல் இப்போது வருகிறதே என்று பயந்து திரும்பப் போய்விடாதீர்கள், படுத்துக்கிடந்த அந்த நுண்மயிர்கள் எழுந்து தேங்கினதைத் தள்ளுவதாக இருக்கும். ஒரு மாதத்துக்கு மேல் நீண்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். என் கபடிக் கணக்கு முதலில் 19 வினாடி. இரண்டு வாரம் அசையவே இல்லை, ஒரு வாரம் 18-க்குக்கூட இறங்கியது. மூன்றாம் மாதம் 26. பழக்கத்தால் கூடினதும் அதில் கொஞ்சம் இருக்கும், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் பக்கெட்டோடு மாடி ஏறி அம்மாவுக்குப் பதில் சொல்ல முடிகிறது.

கடைசியாக, விட்ட கருவியை என்ன செய்வது. குப்பைத்தொட்டியில் போடாதீர்கள், வண்டியில் நசுங்கினால் பேட்டரி தீப்பிடிக்கும். மீதத் திரவத்தை வெறும் கையால் தொடாதீர்கள், நிகோடின் தோல் வழியாகவும் ஏறும், குழந்தை வாயில் வைத்தால் சில மில்லியே விஷம். மூடி போட்ட டப்பாவில் வைத்து, பழைய போன், பேட்டரி வாங்குகிற மின்கழிவு இடத்தில் கொடுத்துவிடுங்கள். அதுவரை அலமாரியில் இருக்கட்டும் என்று நான் வைத்தது எட்டு நாள் அங்கேயே இருந்தது, ஒன்பதாம் நாள் கை தானாக அந்தப் பக்கம் போனது. அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.